போனில் தெரியுமா சொத்தைப் பல்? – வாசகர் கேள்வி பதில்

பல் டாக்டர் பக்கத்தில் இல்லாத கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் ஸ்மார்ட்போனில் வாயைப் படமெடுத்து, அதை வைத்துச் சொத்தையைக் கண்டுபிடிக்கும் முறையைப் பற்றிச் சென்ற இதழில் நாலு வரி எழுதியிருந்தேன். நாலு வரிக்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: நான் கிராம சுகாதாரப் பணியாளர். குழந்தைகளின் வாயைப் படமெடுத்து ஒரு ஆப்பில் ஏற்றச் சொல்கிறார்கள். ஏதாவது பல்லைச் சுற்றி ஆப் சிவப்பு வட்டம் போட்டால், "உங்கள் பிள்ளைக்குச் சொத்தை இருக்கிறது" என்று அம்மாவிடம் சொல்லிவிடலாமா டாக்டர்?

பதில்: சொல்லாதீர்கள். "இந்தப் பல் சந்தேகமாக இருக்கிறது, டாக்டர் ஒருமுறை பார்க்கணும்" என்று சொல்லுங்கள், அது போதும். ஆப் செய்வது சல்லடை வேலை. பல் டாக்டர்கள் ஏற்கெனவே குறித்துக் கொடுத்த ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு நிரல், உங்கள் படத்தில் அதே மாதிரி நிறமோ குழியோ தெரிந்தால் வட்டம் போடுகிறது, அவ்வளவுதான். கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் படிந்த பழைய கறை, ஒட்டிக்கொண்டிருக்கும் உணவுத் துணுக்கு, முன்பு அடைத்த இடத்தின் ஓரத்து நிழல் என்று எல்லாவற்றுக்கும் அது வட்டம் போடும். டாக்டர் பல்லைத் துடைத்து, காயவைத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்த இடம் கெட்டியாக இருக்கிறதா இளகியிருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் சொத்தை என்று எழுதுவார்.

அதற்காக, இது வெட்டி வேலை என்று நினைத்துவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி, நிலையான பற்களில் சிகிச்சை செய்யாத சொத்தை உள்ளவர்கள் உலகில் சுமார் 200 கோடி பேர், பாற்பற்களில் சொத்தை உள்ள குழந்தைகள் 51 கோடிக்கு மேல். இத்தனை பேரையும் பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்ப்பது இப்போதைக்கு நடக்காத காரியம். யாரை முதலில் அனுப்புவது என்று ஒருவர் பிரித்துக் கொடுத்தால் டாக்டருக்குப் பாதி வேலை குறையும். அந்த ஒருவர் நீங்கள்தான், போன் உங்கள் கையில் இருக்கும் கருவி. அதனால் ஆப் பச்சை காட்டினாலும், "வலது பக்கம் மெல்லவே மாட்டேங்குறான்" என்று அம்மா சொன்னால் அம்மாவை நம்புங்கள். ஆப்புக்கு வலி தெரியாது.

கேள்வி: போன மாதம் முகாமில் என் மகளின் பல்லைப் போனில் படமெடுத்துவிட்டு "ஒரு பிரச்னையும் இல்லை" என்றார்கள். இப்போது ராத்திரியில் பல்வலி என்று அழுகிறாள். எக்ஸ்ரே எடுத்த டாக்டர், இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே பெரிய சொத்தை என்கிறார். ஒரே மாதத்தில் இப்படி ஆகுமா?

பதில்: ஆகாது. படமெடுத்த அன்றைக்கே அது இருந்திருக்கும், கேமராவுக்குத் தெரிந்திருக்காது. பால் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று அகலமாக ஒட்டி நிற்கும். அந்த ஒட்டிய இடத்தில் ஆரம்பிக்கும் சொத்தை உள்ளேயே அரித்துக்கொண்டு போய், மேல் விளிம்பு உடையும்போதோ சாம்பல் நிறத்தில் நிழல் அடிக்கும்போதோதான் வெளியே தெரியும். பாற்பல்லின் எனாமல் மெல்லியது, உள்ளிருக்கும் நரம்பறையோ பல்லின் அளவுக்குப் பெரியது. அதனால் தெரிய ஆரம்பிக்கும்போதே நரம்புக்குப் பக்கத்தில் போயிருக்கும். இதைப் பிடிக்க, கடித்தபடி எடுக்கும் சின்ன எக்ஸ்ரேதான் வழி. எவ்வளவு விலை உயர்ந்த போனாக இருந்தாலும் இரண்டு பல்லுக்கு நடுவே நுழைந்து பார்க்க முடியாது.

முகாமில் தப்பு நடந்தது என்றால் அது அந்த ஒரு வாக்கியத்தில்தான். "பிரச்னை இல்லை" என்று சொல்லியிருக்கக் கூடாது, "படத்தில் எதுவும் தெரியவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். கூடவே, சாப்பிட்டால் பல்லிடுக்கில் சிக்கிக்கொள்கிறதா, ஜில்லென்று குடித்தால் கூசுகிறதா, ஒரே பக்கமாக மெல்லுகிறாளா, ராத்திரி வலியில் எழுந்துகொள்கிறாளா என்று கேட்டிருந்தால் அன்றைக்கே சந்தேகம் வந்திருக்கும். படம் எடுப்பவர்கள் இந்த நாலு கேள்வியையும் படத்தோடு சேர்த்துப் பதிவு செய்வது நல்லது. இப்போதைக்கு, ராத்திரியில் தானாக வரும் வலி என்றால் நரம்புவரை போயிருக்க வாய்ப்பு அதிகம், சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: ஒரு ஆப் விளம்பரத்தில் "95 சதவீதம் துல்லியம்" என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் தன்னார்வக் குழு அதை வாங்கலாமா?

பதில்: எந்த 95 என்று முதலில் கேளுங்கள். 100 பல்லில் 95 நன்றாக இருந்து 5 மட்டும் சொத்தை என்று வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு "எல்லாமே நல்ல பல்" என்று சொல்லும் ஆப்புக்கும் 95 சதவீதத் துல்லியம் வந்துவிடும், ஒரு சொத்தையைக்கூடக் கண்டுபிடிக்காமலே! அதனால் ஒரே எண்ணை மட்டும் காட்டினால் மயங்க வேண்டாம். இரண்டு எண் கேளுங்கள்: சொத்தை இருப்பவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது, சொத்தை இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது.

அந்த இரண்டும் தெரிந்தாலும் ஊருக்கு ஊர் பலன் மாறும், இதைப் பலர் யோசிப்பதே இல்லை. கணக்குக்காக ஒரு ஆப் எடுத்துக்கொள்வோம். சொத்தை உள்ள 10 பேரில் 8 பேரைப் பிடிக்கும், இல்லாத 10 பேரில் 9 பேரைச் சரியாக விடும். சொத்தை மலிந்த ஊரில் 100 குழந்தைகளில் 50 பேருக்குச் சொத்தை. ஆப் 40 பேரைப் பிடிக்கும், நல்ல பல் உள்ள 50 பேரில் 5 பேரை வீணாக அனுப்பும். டாக்டரிடம் போகிற 45 பேரில் 40 பேருக்கு நிஜமாகவே சொத்தை, நல்ல விஷயம். அதே ஆப்பை 100-க்கு 10 பேருக்கு மட்டும் சொத்தை உள்ள ஊருக்குக் கொண்டு போங்கள். 8 பேரைப் பிடிக்கும், மீதி 90 பேரில் 9 பேரை வீணாக அனுப்பும். போகிற 17 பேரில் பாதிக்கு மேல் "ஒன்றுமில்லையே" என்று திரும்பி வருவார்கள். ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, வரிசையில் நின்று, ஒன்றுமில்லை என்று கேட்டுத் திரும்பிய குடும்பம் அடுத்த தடவை உங்கள் போனுக்கு முன்னால் வாயைத் திறக்குமா?

அப்புறம், எந்தப் படங்களை வைத்துச் சோதித்தார்கள் என்று கேளுங்கள். பல் மருத்துவக் கல்லூரியில் நாற்காலியில் சாய்த்து, பல்லைச் சுத்தம் செய்து, காற்றடித்துக் காயவைத்து, பெரிய கேமராவில் எடுத்த படங்களில் வாங்கிய மார்க், பள்ளி வராந்தாவில் சுகாதாரப் பணியாளர் எடுக்கும் படத்துக்கு அப்படியே வராது. உங்களைப் போன்றவர்கள், உங்கள் மாதிரி இடத்தில், இதே மாதிரிப் போனில் எடுத்த படங்களை வைத்துச் சோதித்த கணக்கு இருக்கிறதா, உங்கள் நாட்டின் மருத்துவக் கருவி அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் வாங்க வேண்டாம். படத்தை எடுத்து ஒரு பல் டாக்டருக்கு அனுப்பி, அவர் நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்வது எளிமையான வழி, பல இடங்களில் அதுவே போதும்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. நான் எடுக்கிற படமெல்லாம் மங்கலாக இருக்கிறது என்று டாக்டர் திருப்பி அனுப்புகிறார். எப்படித்தான் எடுப்பது?

பதில்: முதலில் லென்ஸைத் துடையுங்கள் டீச்சர். சிரிக்காதீர்கள், மங்கலான படங்களில் நிறைய, பாக்கெட்டில் இருந்த போனின் கைரேகைப் படங்கள்தான். அடுத்து, கேமராவில் அழகூட்டும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அது முகத்தைப் பளபளப்பாக்குகிறேன் என்று பல்லையும் வெள்ளையடித்துவிடும், நாம் தேடுகிற கறையும் வெள்ளைப் புள்ளியும் அதோடு போய்விடும்.

போனை வாய்க்குள் நுழைப்பது மாதிரிக் கொண்டு போகாதீர்கள். ரொம்பக் கிட்டே போனால் லென்ஸ் ஃபோகஸ் பிடிக்காது. கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, இரண்டு மடங்கு ஜூம் வைத்து, திரையில் பல்லின் மேல் விரலால் தொட்டு ஃபோகஸ் நின்ற பிறகு எடுங்கள். வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழ வேண்டும், முதுகில் அல்ல. ஃபிளாஷ் போட்டால் நேருக்கு நேர் பிடிக்காமல் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள், ஏனென்றால் ஈரமான பல்லில் ஃபிளாஷ் பட்டுத் தெறிக்கும் வெள்ளைப் பொட்டும் ஆரம்பச் சொத்தையின் வெள்ளைப் பொட்டும் படத்தில் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் துடைப்பது முக்கியம். பல் துலக்கி, வாய் கொப்பளித்து, பிறகு சுத்தமான காஸ் துணியால் எச்சிலை ஒற்றி எடுத்துவிட்டு உடனே படமெடுங்கள். பல்லில் தாது கரைய ஆரம்பித்த முதல் கட்டத்தில் அந்த வெள்ளைப் புள்ளி, பல்லை 5 விநாடி காயவைத்தால்தான் கண்ணுக்கே தெரியும். ஈரமாக இருக்கும்போதே தெரிகிறதென்றால் அடுத்த கட்டத்துக்கு வந்துவிட்டது என்று கணக்கு. பல் டாக்டர்கள் பயன்படுத்தும் ஐசிடாஸ் அளவுகோலில் 1-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசமே இதுதான்.

ஒரு குழந்தைக்கு ஐந்து படம் எடுங்கள்: பல்லைக் கடித்தபடி முன்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம், வாயை அகலத் திறந்து மேல்வரிசை, கீழ்வரிசை. மேல்வரிசைக்கு வாய்க்கண்ணாடி வைத்தால் நல்லது. அதை வெந்நீரில் கொஞ்சம் சூடாக்கிவிட்டு வைத்தால் மூச்சுப் பட்டு ஆவி படியாது. ஆனால் கண்ணாடியில் எடுத்த படத்தில் இடம் வலம் மாறியிருக்கும், அதைக் குறித்து வையுங்கள், இல்லையென்றால் நல்ல பல்லைக் காட்டிக்கொண்டு பிள்ளை டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும். கன்னத்தை விலக்க, ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் மரக்குச்சி போதும். ஒரே கண்ணாடியைத் தண்ணீரில் அலசி அடுத்த குழந்தை வாயில் வைக்கிற வேலை மட்டும் கூடவே கூடாது. ஆட்டோகிளேவில், அதாவது நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் கருவியில், சுத்திகரிக்க வசதி இல்லையென்றால் கண்ணாடியே வேண்டாம்.

குட்டிப் பிள்ளைகள் என்றால் அம்மாவும் நீங்களும் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்து, குழந்தையை அம்மா மடியில் உட்கார வைத்து, தலை மட்டும் உங்கள் மடிக்கு வருகிற மாதிரிச் சாய்த்துக்கொள்ளுங்கள். அழும். அழும்போது வாய் நன்றாகத் திறக்கும், அது நமக்கு லாபம். படத்தை இன்னொருவர் எடுக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அரட்டை ஆப்களில் படமாக அனுப்பினால் அளவைச் சுருக்கி நுணுக்கங்களை அழித்துவிடும். ஆவணமாக அனுப்புங்கள். உங்கள் டாக்டர் திருப்பி அனுப்புவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

கேள்வி: எந்தப் போன் வாங்கலாம் டாக்டர்?

பதில்: கையில் இருப்பதே போதும். தானாக ஃபோகஸ் பிடிக்கும் பின்கேமராவும் ஃபிளாஷும் இருந்தால் சரி. முன்கேமராவில் மட்டும் எடுக்காதீர்கள், பல போன்களில் அதற்குக் கிட்டத்து ஃபோகஸ் கிடையாது.

கேள்வி: போனில் மாட்டுகிற நீலநிற விளக்கு ஒன்று விற்கிறார்கள். அதில் பார்த்தால் சொத்தை சிவப்பாக ஒளிரும் என்கிறார்கள். உண்மையா? கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

பதில்: அறிவியல் உண்மைதான். சுமார் 405 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஊதா ஒளி பட்டால் நல்ல எனாமல் பச்சையாக ஒளிரும். வாயில் உள்ள சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் போர்ஃபிரின் என்ற பொருள் சிவப்பாக ஒளிரும். அதனால் பாக்டீரியா குடியேறிய சொத்தை சிவப்பாகத் தெரியும். சிக்கல் என்னவென்றால், நாள்பட்ட பல்படலமும் காரையும்கூட அதே சிவப்பில் ஒளிரும். துலக்காத வாயில் இந்த விளக்கை அடித்தால் வாய் முழுக்கச் சொத்தை என்று பயந்துவிடுவீர்கள். சுத்தம் செய்த பிறகு பார்த்தால் உதவி, அதற்கு முன் வெறும் வாணவேடிக்கை. இது எக்ஸ்ரே இல்லை, அந்தக் கதிர்வீச்சு பயம் வேண்டாம். கண்ணுக்கு நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: படத்தில் என் பையனின் முன்பற்களில் வெள்ளை வெள்ளையாகக் கோடு தெரிகிறது. ஆப் சொத்தை என்கிறது. தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம் என்று பக்கத்து வீட்டக்கா சொல்கிறார். யாரை நம்புவது?

பதில்: உங்கள் பக்கத்து வீட்டக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஃப்ளோரைடு கறை வழக்கமாக இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வரும், வலது முன்பல்லில் இருந்தால் இடது முன்பல்லிலும் இருக்கும், பல்லின் குறுக்கே மெல்லிய கோடுகளாகப் பரவியிருக்கும். ஆரம்பச் சொத்தை ஈறோரத்தில், அழுக்குப் படிந்து நிற்கும் இடத்தில் சொரசொரப்பான சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஆப்பை எந்த நாட்டுப் படங்களில் பழக்கினார்களோ, அங்கே ஃப்ளோரைடு கறை அரிதாக இருந்திருந்தால் அது குழம்பத்தான் செய்யும்.

ஒருவேளை ஆரம்பச் சொத்தை என்றாலும் நல்ல செய்தியே. குழி விழாத வெள்ளைப் புள்ளியைத் திரும்பக் கெட்டியாக்க முடியும், டாக்டர் ஃப்ளோரைடு வார்னிஷ் பூசுவார். வீட்டில் ஃப்ளோரைடு பேஸ்ட்டில் இரண்டு வேளை துலக்கவையுங்கள், 3 வயது வரை அரிசி அளவு, 6 வயது வரை பட்டாணி அளவு, துப்பச் சொல்லுங்கள், விழுங்கக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊருக்கு ஒரு பல் டாக்டரும் வருவதில்லை. சொத்தை இருக்கிறது என்று கண்டுபிடித்து என்ன பண்ணப் போகிறோம்? அதற்குத் தெரியாமலே இருந்துவிடலாமே!

பதில்: இந்தப் பகுதிக்கு வந்ததிலேயே சரியான கேள்வி இது. படமெடுக்க உற்சாகமாகக் கிளம்பும் குழுக்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்: சிவப்பு வட்டம் வந்த பிள்ளை எங்கே போகும், எந்தக் கிழமை போகும், பஸ் செலவு யாருடையது, போகவில்லையென்றால் யார் போய்க் கேட்பார்கள்? இதற்குப் பதில் இல்லாமல் படமெடுத்தால் போனில் படங்கள் சேரும், வாயில் சொத்தை அப்படியே இருக்கும்.

ஆனால் சிகிச்சை என்றாலே மின்சார நாற்காலியும் டிரில்லும்தான் என்று நினைக்க வேண்டாம். 1980-களின் நடுவில் தான்சானியாவில் ஒரு முறை உருவானது. மின்சாரம் வேண்டாம், கைக் கருவியால் இளகிய பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கிளாஸ் அயனோமர் சிமென்ட்டால் குழியை அடைப்பது. அந்த சிமென்ட் பல்லோடு தானே ஒட்டிக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக ஃப்ளோரைடும் விடும். ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் இருக்கும் பள்ளிக்கூடத்திலேயே செய்யலாம். இன்னொன்று, வெள்ளி டைஅமீன் ஃப்ளோரைடு என்ற 38 சதவீதக் கரைசல். ஒரு சொட்டைச் சின்னத் தூரிகையால் சொத்தையில் தடவினால் பாக்டீரியாவைக் கொன்று, இளகிய இடத்தைக் கெட்டியாக்கி, சொத்தை மேலும் பரவாமல் நிறுத்தும். ஊசி இல்லை, டிரில் இல்லை. வழக்கமாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவுவார்கள். சொத்தை நிரந்தரமாகக் கறுப்பாகிவிடும், அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே படம் காட்டிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், இல்லையென்றால் மறுநாள் சண்டைக்கு வருவார்கள், வருவது நியாயமும்கூட. வெள்ளி ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், நரம்புவரை போய் வலிக்கிற பல்லுக்கும் இது ஆகாது. ஃப்ளோரைடு பேஸ்ட், இந்தக் கரைசல், கிளாஸ் அயனோமர் மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2021-ல் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

யார் செய்யலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், பயிற்சி பெற்ற நர்ஸோ பல் உதவியாளரோ செய்ய அனுமதி இருக்கலாம், விசாரியுங்கள். டாக்டர் மூன்று மாதத்துக்கு ஒருநாள்தான் வருவார் என்றாலும் பரவாயில்லை. அந்த ஒருநாளில் ஊர் முழுக்க வாயைத் திறக்கச் சொல்லி நேரத்தைக் கழிக்காமல், படங்களை வைத்து முன்பே பிரித்த முப்பது நாற்பது பேரை நேராக உட்கார வைத்தால், வந்தவர் வைத்தியம் பார்த்துவிட்டுப் போவார். போனின் முழு லாபமும் அங்கேதான்.

கேள்வி: என் மகளின் வாயைப் படமெடுத்தார்கள். அந்தப் படம் எங்கே போகிறது என்று கேட்டால் "சர்வருக்கு" என்கிறார்கள். கவலைப்பட வேண்டுமா?

பதில்: கேட்டது சரி. முகம் தெரியாமல் உதட்டுக்குள் மட்டும் எடுத்தார்களா, பெயருக்குப் பதில் எண் போட்டார்களா, அனுப்பியதும் பணியாளரின் போனிலிருந்து அழித்தார்களா, நாளைக்கு ஆப்பைப் பழக்க அந்தப் படத்தைப் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தனிச் சம்மதம் வேண்டும். மாட்டேன் என்றாலும் உங்கள் பிள்ளைக்குப் பரிசோதனை கிடைக்க வேண்டும், அதை நிபந்தனையாக்கக் கூடாது. இன்னொரு வகையான சிக்கல், படம் பணியாளரின் சொந்தக் கேலரியில் கல்யாணப் படங்களோடு சேர்ந்து கிடப்பது. அது திருட்டுத்தனம் இல்லை, அசட்டைதான், ஆனால் விளைவு ஒன்றே.

கேள்வி: வயதானவர்களுக்கும் இப்படிப் பார்க்கலாமா?

பதில்: பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் இடத்தில் எனாமல் இல்லை. எனாமல் கரைய வாயின் பி.ஹெச். (அமிலத்தைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே போக வேண்டும், வேரோ 6-க்கு மேலேயே கரைய ஆரம்பித்துவிடும். ரத்த அழுத்தத்துக்கும் மன அழுத்தத்துக்கும் தரும் சில மாத்திரைகள் எச்சிலையும் குறைத்து, சொத்தைக்கு வழிவிடும். ஈறோரத்தைக் கிட்டத்தில் எடுங்கள், பல்செட்டைக் கழற்றச் சொல்ல மறக்காதீர்கள்.

கேள்வி: என் பையனின் கன்னம் வீங்கியிருக்கிறது, காய்ச்சலும் இருக்கிறது. பல்லின் படத்தை அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள் டாக்டர்.

பதில்: இதழ் அச்சாகும்வரை காத்திருக்கிற கேள்வி இல்லை என்பதால் அவருக்கு அன்றே தனியாகப் பதில் போய்விட்டது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னமோ தாடைக்கு அடியிலோ வீங்கி, காய்ச்சலும் இருந்தால் படமெடுத்துக்கொண்டு நிற்காதீர்கள். வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, மூச்சு முட்டுகிறது, வீக்கம் கண்ணை மூடுகிறது, இதில் ஒன்று இருந்தாலும் பல் டாக்டரைத் தேடி அலையாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரி என்றால் ராத்திரியே.